கொத்தமல்லி காய்க்காத கோடை

போன கூட்டத்தில் கவிதையைப் பற்றிக் கேட்டீர்கள். இன்று மிளகாய்த்தூளைப் பற்றிக் கேட்கப் போகிறீர்கள். யாரும் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டாம்.

மூன்று வருடங்களுக்கு முன் ஸ்காபரோவில் எங்கள் தொடர்மாடிப் பல்கனியில் கொத்தமல்லி போட்டேன். இலை கடையில் கிடைக்கிறது, எனக்குத் தேவைப்பட்டது விதை. சொந்த மல்லியில் தூள் இடிக்க வேண்டும் என்று ஓர் ஆசை. பூக்கும் நேரத்தில் தண்டெல்லாம் அழுக்கணவன், தமிழ்நாட்டில் அசுவினி என்பார்கள். மேலும் பூச்சி வராமல் நுளம்பு வலையால் மூடிக் கட்டினேன். பூ கொள்ளையாகப் பூத்தது. காய் ஒரு கைப்பிடிகூட இல்லை. அதே பொட்டலத்து விதையைத் தேவாலயத் தோட்டத்தில் போட்ட ஓர் அக்கா, போத்தல் நிறைய மல்லியோடு வந்தார். என் வலையைப் பார்த்துவிட்டு, "ஐசியூவில வைச்ச மாதிரி ஒருத்தரையும் உள்ள விடாமல் வைச்சிருக்கிறாய், பிறகு எப்பிடிக் காய்க்கும் பிள்ளை?" என்றார்.

தாதிக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

கொத்தமல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகம், ஓமம் நான்கும் ஒரே குடும்பம். பூங்கொத்து குடைபோல விரியும். ஒரு மல்லிப் பூவில் மகரந்தம் முதலில் உதிர்ந்துவிடும், அதை ஏற்கும் சூலகமுடி பிறகுதான் பக்குவப்படும். ஒரே குடையிலுள்ள பக்கத்துப் பூக்களும் ஏறக்குறைய அதே நிலையில் இருக்கும். வேறு குடையிலிருந்தோ வேறு செடியிலிருந்தோ யாராவது தூக்கி வர வேண்டும். நாம் மல்லி விதை என்பது உண்மையில் ஒரு சிறு பழம். விரலால் நசுக்கினால் இரண்டு பாதியாகப் பிளக்கும், பாதிக்கு ஒரு விதை. ஆள் வராத பூ வாடிவிடும், செடி அடுத்தடுத்த குடைகளை விரிக்கும். அங்கேதான் சிக்கல்: பின்னால் வரும் குடைகளில் காய்க்கவே முடியாத ஆண் பூக்கள் கூடுதல். முதல் குடைகள் தவறினால் விளைச்சலில் பெரும்பங்கு தவறியதுபோலத்தான்.

எல்லாச் சரக்கும் இப்படியில்லை. வெந்தயம் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். கடுகில் இரண்டு விதமும் உண்டு. சஸ்கச்சுவான் வயல்களில் விளையும் மஞ்சள் கடுகு தன் மகரந்தத்தை ஏற்காது.

மல்லிப் பூவில் தேன் திறந்தே கிடக்கிறது. நீண்ட நாக்கு தேவையில்லை. அதனால் தேனீ மட்டுமல்ல, சிறு ஈக்களும் வரும். சீரகம் பெருமளவில் விளையும் ராஜஸ்தான், குஜராத் வயல்களில் கொம்புத் தேனீ முக்கியமான விருந்தாளி. இந்தப் பயிர்களுக்கென்றே அஜ்மீர் அருகே தபீஜியில் 2000-இல் ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. பூக்கும் காலத்தில் அங்கும் அழுக்கணவன் வரும், விவசாயி மருந்தடிப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. விட்டால் பயிரே போய்விடும். ஆனால் வெயிலில், பூச்சிகள் பறக்கும் நேரத்தில் அடித்தால் மகரந்தம் சுமப்பவையும் சேர்ந்து சாகும்.

வந்து போகும் ஈக்களில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். தேனீபோல மஞ்சள் கோடுகளோடு, காற்றில் அசையாமல் நின்று பறக்கும், கொட்டாது. சிர்பிட் ஈ என்று வேளாண் ஏடுகளில் எழுதுகிறார்கள். இது பூவில் தேன் குடிக்கிறது, மகரந்தம் சுமக்கிறது. இதன் புழுக்களில் பல அழுக்கணவனைத்தான் தின்கின்றன. ஒரே மருந்தில் இரண்டு வேலைக்காரரும் போய்விடுகிறார்கள். அன்டிபயோட்டிக் கொடுத்த நோயாளிக்கு வயிற்றோட்டம் தொடங்கும்போது வார்ட்டில் நாங்கள் பார்ப்பது இதைத்தான். மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. பூக்கும் முன் கவனிப்பது, தவிர்க்க முடியாவிட்டால் தேனீ அடங்கிய மாலையில் அடிப்பது, இவ்வளவுதான் கேட்பது.

நம் நகரத்துக்கும் இதில் பங்குண்டு. ரொறன்ரோவில் 360-க்கும் மேற்பட்ட காட்டுத் தேனீ இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றைக் காக்க மாநகரசபை 2018-இல் ஒரு திட்டமே ஏற்றது. ஆனால் ஒரு காலத்தில் தென் ஒன்ராறியோவில் சாதாரணமாகத் திரிந்த, முதுகில் துருநிறப் பொட்டு வைத்த வண்டுத்தேனீயைக் கனடாவில் கடைசியாகக் கண்டது 2009-இல், பைனரி பூங்காவில்.

இந்தக் கோடையில் நான் வலை கட்டவில்லை. அழுக்கணவனைக் காலையில் தண்ணீர் பீச்சிக் கழுவினேன். இரண்டாம் கிழமை அந்தக் கோடுபோட்ட ஈ எட்டாம் மாடிக்கு வந்தது. வேலை முடிந்து வந்த களைப்பிலும் கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிடைத்த மல்லி ஒரு சின்னப் போத்தல், இரண்டு கறிக்குக் காணும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.