கைக்கு எட்டாத பிளக்

ஒரு புறம் முல்லைப் பெரியாற்றுப் பாசனத்து நெல்வயலும் மறு புறம் பன்னீர்த் திராட்சைப் பந்தலுமாகச் சின்னமனூரிலிருந்து கூடலூர் நோக்கிச் செல்லும் சாலையில் விடியற்காலையில் நடந்து போகிறவர்கள், ஏதாவதொரு பட்டறை வாசலில் ஆம்னி வேன் ஒன்று முன்னிருக்கை நிமிர்த்தப்பட்டு, வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கக்கூடும். மெக்கானிக்கின் தலையும் தோளும் உள்ளே இருக்கும்; கால்கள் மாத்திரம் வெளியே தெரியும். முந்தின நாள் மாலை குமுளி மலையிறங்கி வந்த வண்டியை அப்போதே பார்க்கும்படி கேட்டிருந்தால், "சூடா இருக்குய்யா, ராத்திரி ஆறட்டும், காலையில பாப்போம்" என்று அவர் மறுத்திருப்பார். இது சோம்பல் அன்று. இஞ்சினின் தலைப்பகுதி அலுமினியம், அதில் முடுக்கப்பட்டிருக்கும் ஸ்பார்க் பிளக்கின் உடலோ எஃகு. சூட்டில் அலுமினியம் மென்மைப்பட்டிருக்கையில், பல மாதம் ஒட்டிக் கிடந்த எஃகைப் பலவந்தமாகத் திருகினால், அது தன்னோடு மரையையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய காரியம் பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

1984ஆம் ஆண்டு மாருதி வேன் என்ற பெயரில் வெளிவந்து, பின்னர் ஆம்னி என்று அழைக்கப்பட்டு, 2019 வரை உற்பத்தியில் இருந்த இந்த வாகனத்துக்கு முன்னால் மூக்கு என்பதே கிடையாது. 796 சி.சி. கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் இஞ்சினை முன்னிருக்கைகளுக்கு அடியில் ஒளித்துவைத்ததனால்தான், அவ்வளவு சிறிய வண்டியில் அவ்வளவு பேரும் மூட்டைமுடிச்சும் ஏற முடிந்தது. அம்பாசடரின் பானட்டைத் தூக்கியவர்களுக்கு வித்தியாசம் தெரியும். அதில் நான்கு பிளக்குகளும் இஞ்சினின் பக்கவாட்டில் வரிசையாக, பள்ளிப் பிள்ளைகளைப் போல நிற்கும். வழியில் வண்டி நின்றால் டிரைவரே கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மாட்டிவிட்டுப் புறப்படுவார். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிச் செல்லும் டீசல் ஜீப்புகளுக்கோ இந்தத் தொல்லையே இல்லை. அங்கே காற்று அமுக்கப்படுகிற உக்கிரத்தில் உண்டாகும் உஷ்ணமே எரிபொருளைப் பற்றவைத்துவிடுவதால், பிளக்குக்கு வேலை கிடையாது.

பெட்ரோல் இஞ்சினில் பிளக் செய்கிற வேலையை ஒரு கணக்கினால் அறியலாம். நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுழலும் நான்கு வீச்சு இஞ்சினில், இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி வீதம், ஒவ்வொரு பிளக்கும் விநாடிக்கு 25 முறை பொறி விடுகிறது. தேனியில் புறப்பட்ட வண்டி அதே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடிக் கம்பத்தை அடையுமானால், அதற்குள் 90,000 முறை. பாட்டரியின் 12 வோல்ட், காயிலில் இருபதினாயிரத்துக்கும் மேலாக உயர்த்தப்பட்டு, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டி மின்னலாகப் பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் உலோக முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஓர் அணுவளவைச் சுரண்டிக்கொண்டு போக, இடைவெளி நாளடைவில் அகன்று, அதைத் தாண்டுவதற்கு மேலும் மேலும் அதிக வோல்ட் தேவையாகிறது.

இங்கேதான் நம் மலைப்பாதைகளின் விசேஷம் வருகிறது. தேய்ந்த பிளக்கை வைத்துக்கொண்டு உத்தமபாளையத்துச் சமதரையில் குறையொன்றும் தெரியாமல் ஓடுகிற வண்டி, லோயர் கேம்ப் தாண்டி ஏற்றத்தில் கால் வைத்ததும் விட்டுவிட்டு இருமத் தொடங்கும். "மிஸ் ஆகுது" என்பார்கள். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அதிகக் கலவை புகுந்து, அமுக்கத்தில் அது முன்னிலும் அடர்த்தியாகிறது. வாயு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவுக்கு மின்பொறி அதைத் துளைப்பது கடினம். ஆகவே, பிளக்கின் குறையைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைச் சாலையை நமக்குப் பிரகிருதியே அமைத்துக் கொடுத்திருக்கிறது என்று சொல்லலாம்.

பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, 1,300 மீட்டருக்கும் மேலான போடிமெட்டுக்குப் போனால் வேறொரு சங்கடம். அடிவாரத்தைவிடக் காற்று அங்கே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். பழைய கார்புரேட்டர் அதை அறியாமல் பெட்ரோலைத் தாராளமாகவே ஊற்ற, எரியாத கரி பிளக்கின் பீங்கான் மூக்கில் படியும். அந்த மூக்கு சுமார் 500 டிகிரி உஷ்ணத்தை எட்டினால் கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். 850க்கு மேல் போனாலோ, பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைத்து அனர்த்தம் விளைவிக்கும். பிளக் வாழ்வது இந்த இரு எல்லைகளுக்கு நடுவில்தான். கடைவீதிக்குள்ளேயே உலாவித் திரும்பும் வண்டியின் பிளக் கரி பிடிப்பதற்குக் காரணமும் அது போதிய சூட்டை அடையாமையே.

இத்தனை முக்கியமான உறுப்பை ஏன் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கிறார்கள் என்று கேட்பது நியாயம். ஆம்னியில் காரணம் இடநெருக்கடி. ஆனால் இக்காலத்துப் பல வால்வு இஞ்சின்களில் காரணம் நெருப்பின் சௌகரியம். எரியறையின் நடு உச்சியில் பொறி விழுந்தால், தீ நாற்புறமும் சம தூரம் ஓடி விரைவாக எரிந்து முடியும். அந்த இடமோ வால்வுகளுக்கு நடுவே, ஆழ்ந்த கிணற்றின் அடியில் இருக்கிறது. 1975இல் அமெரிக்காவில் வந்த செவ்ரோலே மோன்சா என்ற காரில், எட்டு சிலிண்டர் இஞ்சினைத் திணித்த திணிப்பில், ஒரு பிளக்கை எடுப்பதற்காக இஞ்சினையே தளர்த்திச் சற்று உயர்த்த வேண்டியிருந்தது. எட்டாத பிளக்கை அடிக்கடி மாற்றலாகாது என்பதனால் முனைக்குப் பிளாட்டினமும் இரிடியமும் வந்தன. நிக்கல் 1,455 டிகிரியில் உருகுமென்றால் இரிடியம் உருக 2,446 டிகிரி வேண்டும். ஆயுளும் அதற்கேற்பப் பன்மடங்கு. விலையும் அப்படியே!

பட்டறைக்குத் திரும்புவோம். மெக்கானிக் முதலில் காற்றடித்துப் பிளக்கைச் சுற்றியிருக்கும் மண்ணை ஊதித் தள்ளுகிறார். ஒரு மணல் உள்ளே விழுந்தாலும் சிலிண்டரைக் கீறிவிடும். ஒயர்களை ஒவ்வொன்றாகத்தான் கழற்றுகிறார், ஏனெனில் இடம் மாறினால் பொறி விழும் முறையே மாறிப்போகும். பிறகு அவர் செய்வதுதான் என்னை எப்போதும் வியக்கவைக்கிற யுக்தி. ஒரு சாண் நீளமுள்ள பழைய பெட்ரோல் டியூபைப் புதுப் பிளக்கின் தலையில் செருகி, கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளைக்குள் இறக்கி, டியூபை விரலால் உருட்டுகிறார். மரை நேராகப் பிடித்தால் பிளக் வழுக்கிக்கொண்டு இறங்கும். கோணலாகப் பிடித்தாலோ பிளக் நின்றுவிட, ரப்பர் மாத்திரம் சுழலும். இரும்பு ஸ்பேனர் மரையைத் தின்றுவிட்ட பிறகே அறிவிக்கிற பிழையை, ரப்பர் தன் பலவீனத்தினாலேயே முன்கூட்டி அறிவித்துவிடுகிறது. கைமுடுக்கில் நின்றபின், புது வாஷர் நசுங்குமளவுக்கு, ஸ்பேனரால் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குள்; அதற்குமேல் பலத்தைக் காட்டுவது தவறு.

கழற்றிய மூன்று பிளக்குகளையும் அவர் சாக்கின்மேல் வரிசையாக வைத்தார். முதலாவது வெளிர்ப் பழுப்பு, ஆரோக்கியத்தின் நிறம். இரண்டாவது காய்ந்த கரி. மூன்றாவது ஆயில் பூசி ஈரமாக மினுங்கியது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். "பிளக்கு இன்னும் கொஞ்ச நாளைக்குத் தாங்கும், ரிங்கை எப்பய்யா பாக்கப் போறீங்க?" என்று கேட்டார். சொந்தக்காரர் வாய் திறக்காமல் இருக்கையைக் கீழே இறக்கிப் பூட்டிவிட்டு, குமுளிக்குப் போகும் ஆட்களை ஏறச் சொன்னார்.