வயிறு நிறைந்த பிறகும் கை நிற்காவிட்டால்

2024 ஏப்ரலில், சென்னைப் புறநகரான திருநீர்மலையை ஒட்டிய பம்மலில், உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்த புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார். வயது 26. அரசு விசாரணை நடத்தி, அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக ரத்து செய்தது. அந்த இளைஞரின் உடல்நிலை பற்றி இங்கே எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் செய்தி வந்த நாட்களில் நம் வீடுகளில் என்ன பேசிக்கொண்டோம் என்பதை நினைத்துப் பார்க்கலாம். எத்தனை கிலோ, எவ்வளவு செலவு, எந்த ஆஸ்பத்திரி என்றெல்லாம் பேசினோம். எடை கூடியவரிடம் "சாப்பிட ஆரம்பித்தால் உன்னால் நிறுத்த முடிகிறதா?" என்று கேட்கும் வழக்கம் மட்டும் நம்மிடம் இல்லை.

அந்தக் கேள்விக்கு "முடியவில்லை" என்று பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இருப்பது பேராசையோ சோம்பலோ அல்ல. பெயரும் சிகிச்சையும் உள்ள ஒரு மனநோய். மருத்துவர்கள் அதை பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர் என்கிறார்கள். தமிழில் மிகையுண்ணல் நோய் எனலாம். உணவைக் குறைக்கச் சொல்லித் திட்டுவதால் இது தீராது. பெரும்பாலும் அதனாலேயே முற்றும்.

எது நோய், எது விருந்து?

கல்யாணப் பந்தியில் இரண்டு கரண்டி பாயசம் கூடுதலாகக் குடிப்பது நோயல்ல. தீபாவளியன்று வயிறு முட்டப் பலகாரம் தின்பதும் நோயல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடு இந்நோயைத் தனி நோயாக அங்கீகரித்தது. அதன்படி இரண்டு அடையாளங்கள் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று, குறிப்பிட்ட நேரத்துக்குள், உதாரணமாக இரண்டு மணி நேரத்துக்குள், அதே சூழலில் மற்றவர்கள் சாப்பிடுவதைவிட மிக அதிகமாகச் சாப்பிடுவது. இரண்டு, அப்போது நிறுத்த முடியாது, எதைத் தின்கிறோம் என்பதும் நம் கையில் இல்லை என்ற உணர்வு.

இவற்றோடு பின்வரும் ஐந்தில் குறைந்தது மூன்று இருக்கும்: வழக்கத்தைவிட வேகமாக விழுங்குவது, வயிறு வலிக்கும்வரை தின்பது, பசியே இல்லாதபோதும் நிறையத் தின்பது, வெட்கத்தால் தனியாகத் தின்பது, பிறகு தன்மேலேயே அருவருப்பும் குற்ற உணர்வும் கொள்வது. இப்படி வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதம் தொடர்ந்தால் அது நோய். தின்றதை வாந்தியெடுத்தோ பேதி மாத்திரை போட்டோ ஈடுகட்ட முயல்வது வழக்கமாகிவிட்டால் அது புலிமியா என்ற வேறு நோய். அதுவும் சிகிச்சை தேவைப்படுவதே.

இதைப் பெண்களின் நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் 2007இல் வெளியான பெரிய ஆய்வொன்று, வாழ்நாளில் எப்போதாவது இந்நோய்க்கு ஆளாவோர் பெண்களில் 3.5 சதவீதம், ஆண்களில் 2 சதவீதம் என்று கண்டது. குண்டானவர்களுக்கு மட்டும் வருவது என்பதும் தவறு; சராசரி எடையுள்ளவர்களுக்கும் வருகிறது. தமிழ்நாட்டில் 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடை கொண்டவர்கள். அவர்கள் எல்லோருக்கும் இந்நோய் உண்டு என்று பொருளல்ல. ஆனால் எடையைப் பற்றியே பேசும் ஊரில், எடைக்குப் பின்னால் மறைந்திருக்கும் நோயைக் கண்டுபிடிப்பது கடினம்.

நாள் முழுக்கப் பட்டினி, இரவில் பெருந்தீனி

இந்நோயின் காரணங்கள் பல. பரம்பரை, மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவு நோய், சிறுவயதில் உடலைக் கேலி செய்தது எல்லாம் பங்கு வகிக்கின்றன. இவற்றோடு சேர்ந்து, பலரிடம் நோயைத் தொடர வைப்பது கடுமையான உணவுக் கட்டுப்பாடு.

காலையில் காபி மட்டும். மதியம் இரண்டு வெள்ளரித் துண்டு. தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் ஷிப்ட் முடிந்தோ, ஐ.டி. கம்பெனி வேனில் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலைத் தாண்டியோ, வீடு வந்து சேரும்போது இரவு பதினொன்று. அப்போது உடல் தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கிறது. கைப்பேசியில் பிரியாணி, தெருமுனையில் ஃபிரைடு ரைஸ், அலமாரியில் மிக்சர் டப்பா எல்லாம் ஒரே நேரத்தில் காலியாகின்றன. அதன்பின் வெட்கம். "நாளையிலிருந்து டயட்" என்ற சபதம். மறுநாள் மீண்டும் பட்டினி. ஏரி மதகைப் பகல் முழுக்க மூடிவைத்துவிட்டு இரவில் மொத்தமாகத் திறந்தால் என்ன ஆகும் என்று வெள்ளம் பார்த்த முடிச்சூர், வரதராஜபுரம்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதுதான் இங்கும் நடக்கிறது.

திருநீர்மலை 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஏகாதசி விரதம் இங்கு பல வீடுகளில் வழக்கம். விரதத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்நோய் உள்ளவருக்கு எந்தப் பட்டினியும், அது பக்திக்காக இருந்தாலும் 16 மணி நேர டயட்டுக்காக இருந்தாலும், அடுத்த பெருந்தீனிக்குத் தூண்டுகோல் ஆகலாம். சிகிச்சையில் இருப்பவர் மருத்துவரிடம் கேட்டுவிட்டு விரதம் இருப்பதே நல்லது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

கவனிக்காமல் விட்டால்

இரண்டாம் வகை சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், கொழுப்பு, நெஞ்செரிச்சல், பித்தப்பைக் கல் ஆகியவை உடல் தரப்பு ஆபத்துகள். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவருக்கு ரத்தத்தில் சர்க்கரை அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மருந்தின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போவார்கள், காரணம் தெரியாது. மனத்தின் தரப்பில் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் இந்நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. "வாழவே பிடிக்கவில்லை" என்று ஒருவர் சொன்னால் அதைச் சாப்பாட்டுப் பிரச்சினை என்று தள்ளிவிடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

வேறு நோய்களும் மருந்துகளும் இதே தோற்றம் தரலாம். ஸ்டீராய்டு, ஓலன்சபின் போன்ற மருந்துகள் பசியைக் கூட்டும். அதனால் சுயமாக முடிவு செய்யாமல் மருத்துவரிடம் போவது அவசியம்.

சிகிச்சை என்றால் என்ன?

பலர் எதிர்பார்ப்பது மாத்திரை. ஆனால் இந்நோய்க்கு முதல் சிகிச்சை பேச்சும் பயிற்சியும்தான். சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. பிரிட்டனின் நைஸ் என்ற சுகாதார அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முதலில் வழிகாட்டுதலோடு கூடிய சுய உதவித் திட்டத்தைப் பரிந்துரைக்கிறது. நோயாளி ஒரு பயிற்சி நூலின்படி தானே நடக்க, இடையிடையே சிகிச்சையாளர் 20 நிமிட அளவிலான நான்கு முதல் ஒன்பது சந்திப்புகளில் ஊக்கமும் திருத்தமும் தருவார். அது போதாவிட்டால் குழுச் சிகிச்சை. அதுவும் பொருந்தாவிட்டால் 16 முதல் 20 அமர்வுகள் கொண்ட தனிச் சிகிச்சை.

அமர்வுகளில் நடப்பது மந்திரமல்ல. எப்போது, என்ன, எந்த மனநிலையில் சாப்பிட்டோம் என்று அவ்வப்போது குறித்து வைக்க வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டி என்று நேரம் தவறாமல் உண்ணப் பழக வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயவிடக் கூடாது. இரவு பெருந்தீனி தின்றுவிட்டாலும் மறுநாள் காலை இட்லியைத் தவிர்க்கக் கூடாது. பலருக்கு மிகக் கடினமான படி இதுதான். பிறகு எந்தச் சண்டை, எந்தத் தனிமை, எந்தக் கேலி தூண்டுகிறது என்று கண்டு, அதற்கு வேறு வழி பழகுவார்கள்.

இந்தச் சிகிச்சையால் பெருந்தீனி குறையும். எடை பெரிதாகக் குறையாமல் போகலாம். அதைத் தோல்வி என்று நினைத்துப் பாதியில் நிறுத்த வேண்டாம். மனச்சோர்வு இருந்தால் அதற்கான மாத்திரை உதவும், ஆனால் மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது என்கிறது அதே வழிகாட்டுதல். அமெரிக்காவில் 2015இல் லிஸ்டெக்ஸாம்ஃபெடமின் என்ற மருந்துக்கு இந்நோய்க்காக அனுமதி கிடைத்தது. அடிமையாக்கும் தன்மையுள்ள மருந்து அது. எடைக் குறைப்புக்கு அனுமதிக்கப்பட்டதும் அல்ல.

எங்கே போவது?

முதல் படி தொலைபேசி. 14416 என்ற எண்ணில் 'நட்புடன் உங்களோடு' மனநலச் சேவையும் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன, தமிழிலேயே பேசலாம். நேரில் போக, திருநீர்மலை அமைந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 1794இல் தொடங்கப்பட்டு, இப்போது சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கும் போகலாம். தனியாரிடம் போனால், மனநல மருத்துவரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், மருத்துவ உளவியலாளரின் பதிவை இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலிலும் சரிபாருங்கள். 'வெல்னஸ் கோச்' என்ற பலகை எந்தப் பதிவுக்கும் ஆதாரமல்ல.

சட்டம் தரும் உரிமைகள்

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அரசு நடத்தும் அல்லது நிதி தரும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை 18வது பிரிவில் எல்லோருக்கும் தருகிறது. மனநோயைக் கணிப்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் உள்ளிட்ட ஏற்கப்பட்ட தரங்களின்படி என்கிறது 3வது பிரிவு. அந்தப் பட்டியலின் 11வது பதிப்பில் மிகையுண்ணல் நோய் தனி எண்ணோடு இடம்பெற்றிருக்கிறது. 23வது பிரிவின்படி உங்கள் நோய் விவரம் ரகசியம். உங்கள் மேலாளருக்கோ வரன் பார்க்கும் வீட்டாருக்கோ மருத்துவமனை சொல்ல முடியாது. 25வது பிரிவு மருத்துவ ஆவணங்களைப் பெறும் உரிமையைத் தருகிறது. சேவையில் குறை இருந்தால் 28வது பிரிவின்படி முதலில் அங்குள்ள பொறுப்பு மருத்துவரிடமும், பிறகு மனநல மறுஆய்வு வாரியத்திடமும் முறையிடலாம்.

காப்பீட்டில், உடல் நோய்க்கு என்ன அடிப்படையோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் வழங்க வேண்டும் என்கிறது 21வது பிரிவு. 2021இல் தில்லி உயர் நீதிமன்றம் மனநோய் என்ற காரணத்தால் மறுக்கப்பட்ட காப்பீட்டுத் தொகையை வழங்க உத்தரவிட்டது. ஆனால் சமத்துவம் என்பது எல்லாச் செலவும் கிடைக்கும் என்பதல்ல. புறநோயாளிச் செலவுக்குப் பாலிசியில் இடமில்லை என்றால் ஆலோசனைக் கட்டணம் கிடைக்காது. பாலிசி எடுக்கும்போதே நோயை மறைக்காமல் சொல்லிவிடுவது பிற்காலத் தொல்லையைத் தவிர்க்கும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்திடம் முதலில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னைத் தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மன் அலுவலகத்தை அணுகலாம். கட்டணமும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

விளம்பரத்தில் விழ வேண்டாம்

"பத்தே நாளில் பத்து கிலோ" என்ற சுவரொட்டி மின்கம்பந்தோறும் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின் அட்டவணையில் உடல் பருமனும் உண்டு. அதைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்கிடலாம், செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது.

2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த மவுஞ்சாரோ, வெகோவி போன்ற ஊசிகள் எடைக்கு அனுமதி பெற்றவை; மிகையுண்ணல் நோய்க்கு அல்ல. அறுவை சிகிச்சைக்கு முடிவு செய்யும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என் உண்ணும் பழக்கத்தை மனநல நிபுணர் ஆராய்வாரா? அவசர நிலைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு இங்கேயே இருக்கிறதா? சிகிச்சைக்குப் பிறகு யார் தொடர்ந்து கவனிப்பார்? பதில் தெளிவாக இல்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டாம்.

வீட்டார் செய்ய வேண்டியது

"வாயைக் கட்டு", "இப்படித் தின்றால் உன்னை யார் கட்டிக்கொள்வார்கள்?" என்ற பேச்சை இன்றே நிறுத்துங்கள். அது ஒளித்துத் தின்ன வைக்குமே தவிர, நிறுத்த வைக்காது. அலமாரியைப் பூட்டுவதும் தட்டை எட்டிப் பார்ப்பதும் அப்படித்தான். நேரத்துக்கு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். எடை பற்றிப் பேசாமல், "நீ ராத்திரி ரொம்பக் கஷ்டப்படுற மாதிரி இருக்கு, ஒரு டாக்டரைப் பார்ப்போமா? நானும் வர்றேன்" என்று ஒருமுறை கேளுங்கள். இந்தக் கட்டுரையில் தன்னை அடையாளம் கண்டவர் நீங்களே என்றால், அடுத்த டயட்டைத் தொடங்காதீர்கள்; நாளைக் காலைச் சாப்பாட்டைத் தவறாமல் சாப்பிட்டுவிட்டு 14416க்குப் பேசுங்கள்.