உம்மாவும் ஒருக்கா ஓட்டிப் பார்க்கட்டும்!

"உம்மா, அந்தக் காப்பைத் தந்தீங்கண்டா இன்ஷா அல்லாஹ் ரெண்டு வருசத்துக்குள்ள திருப்பிச் செஞ்சி தருவன்."

கேட்டவன் என் மூத்த மகன். வயது இருபத்திரண்டு. அவன் கேட்டது என் கையில் கிடக்கும் காப்பை அல்ல. அலுமாரிக்குள் பழைய சீலைத் துண்டில் சுற்றி வைத்திருக்கும் நான்கு காப்புகளை. கல்முனைக்குடிப் பக்கத்துச் சகோதரிகளுக்கு அது என்ன காப்பு என்று விளக்கத் தேவையில்லை. பெண் பிள்ளை உள்ள வீட்டில் நாளைக்குச் சுவராகவும் கூரையாகவும் மாற வேண்டிய காப்பு அது. மகளின் வீட்டுக்கு அத்திவாரம் போட்டாயிற்று. மிச்சம் அந்தத் துணிக்குள்தான் இருக்கிறது.

எதற்காகக் கேட்டான்? ஒரு மோட்டார் சைக்கிளுக்காக.

என் தம்பியின் மகன் கட்டாரில் உழைத்து வந்த காசில் ஒரு பைக் வாங்கியிருந்தான். ஹொண்டா சீபீஆர் 250 ஆர்ஆர். ஜப்பானில் பாவித்து இங்கு வந்தது. சிவப்பும் கறுப்புமாய் மினுங்கும். எங்கள் ஒழுங்கைக்குள் அது நுழைந்தால் தேனீக் கூட்டம் கலைந்தது போல ஒரு சத்தம். சின்னப் பிள்ளைகள் எல்லாம் கதவடிக்கு ஓடி வரும். மருமகன் திரும்பவும் வெளிநாடு போவதால் அதை விற்க நின்றான். என் மகன் வாங்க நின்றான். நடுவில் நின்றவை என் நான்கு காப்புகள்.

"வேணாம்" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். என் உம்மா எனக்கு அப்படித்தான் முடித்தார்கள், பல விடயங்களில். ஆனால் ஓட்டிப் பார்க்காமல் சொல்லும் 'வேணாம்' பிள்ளையின் காதுக்குள் போகாது. ஆகவே சொன்னேன்: "காசு என்ட காப்புலதானே வருது? அப்ப முதல்ல நான் ஓட்டிப் பார்க்கணும்."

மகன் சிரித்தான். மருமகனும் சிரித்தான். "மாமி, இது ஸ்கூட்டி இல்ல" என்றான். பிள்ளைகளின் வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. எனக்குச் சாரதிப் பத்திரம் எடுத்துத் தந்தவர் அவர்தான். நூறு சிசி வரைக்குமான ஏ1 போதும் என்று எல்லோரும் சொன்னபோது, "எடுக்கிறண்டா முழுசா எடு" என்று தன் பழைய 125இல் கிளச்சும் கியரும் பழக்கி, ஏ வகுப்பையே எடுக்கவைத்தார். அந்தப் பத்திரத்துக்கு அன்றுதான் உண்மையான வேலை வந்தது.

முதலில் ஓட்டிப் பார்த்தவர் யார்?

பெண்ணொருத்தி பைக்கை ஓட்டிப் பார்த்து அபிப்பிராயம் சொல்வதா என்று யாரும் புருவத்தை உயர்த்த வேண்டாம். அந்தப் பைக்கில் எழுதியிருக்கும் ஹொண்டா என்ற பெயரின் கதையே அப்படித்தான் தொடங்கியது.

1946ஆம் ஆண்டு. யுத்தத்தில் தோற்ற ஜப்பானில் வாகனமும் இல்லை, எரிபொருளும் இல்லை. சொய்ச்சிரோ ஹொண்டா என்பவர் இராணுவத்தின் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த சிறிய இயந்திரமொன்றைத் துவிச்சக்கர வண்டியில் பூட்டினார். பெற்றோல் தாங்கிக்குப் பதிலாகச் சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றை மாட்டினார். அதை வீதியில் ஓட்டிப் பார்க்க அவர் அனுப்பியது தன் மனைவி சச்சியை! ஓட்டி வந்த சச்சியின் நல்ல உடுப்பெல்லாம் எண்ணெய். இப்படி விற்றால் வாங்குபவர்கள் ஏசமாட்டார்களா என்று அவர் முறையிட, இயந்திரத்திலிருந்து எண்ணெய் தெறிக்கும் அந்தக் குறை பிறகு திருத்தப்பட்டது. 1948இல்தான் ஹொண்டா கம்பனியே பிறந்தது. கம்பனிக்கு முன்னரே சோதித்துப் பார்த்த பெண் இருந்தாள் என்பது நினைவில் வைக்க வேண்டிய விடயம்.

அதே கம்பனி 1958இல் சூப்பர் கப் என்ற சிறு வண்டியை வெளியிட்டது. உடுப்பு தடக்காமல் காலை வைத்து ஏற வழி, கையால் பிடிக்கும் கிளச் இல்லை, செயினுக்கு முழு மூடி. 2017இல் அதன் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. உலகில் இந்த அளவுக்குச் செய்யப்பட்ட மோட்டார் வாகனம் வேறில்லை. வீட்டின் தேவையை நினைத்துச் செய்த பொருளைத்தான் உலகமும் வாங்கியிருக்கிறது.

ஒலுவில் வீதியில் ஒரு காலை

ஒரு சனிக்கிழமை சுபஹுத் தொழுகை முடிந்து புறப்பட்டோம். மகன் சீபீஆரில். நானும் அவரும் என் ஸ்கூட்டி பெப் பிளஸ்ஸில். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் தாண்டி, ஒலுவில் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் நிறுத்தினோம். அந்த நேரத்தில் அங்கே மாடுகளைத் தவிர வேறு நடமாட்டம் இல்லை.

முதலில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் ஸ்கூட்டி 88 சிசி. ஒரு சிலிண்டர். ஐந்து குதிரைச் சக்திக்குக் கொஞ்சம் மேல். நிறை 95 கிலோ. விழுந்தாலும் நானே தூக்கி நிறுத்துவேன்; நிறுத்தியும் இருக்கிறேன். சீபீஆர் 249 சிசி. அந்தச் சின்ன இயந்திரத்துக்குள் நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு. 1990இல் வந்தபோது 45 குதிரைச் சக்தி என்றும், 1994இலிருந்து 40 என்றும் கணக்கு. நிறை நூற்றைம்பது கிலோவுக்கு மேல். ஸ்டாண்டை எடுத்ததும் அந்தப் பாரம் என் தொடையில் சாய்ந்தது. "பிஸ்மில்லாஹ்" என்று ஏறினேன்.

அபாயாவுக்குள் நீளக் காற்சட்டை, சப்பாத்து, தலைக்கவசம். தலைக்கவசம் போடும் சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பின்தலையில் குத்தும் ஊசிகளைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். அழுத்தினால் காயம்.

முதல் இரண்டு தடவையும் இயந்திரம் நின்றுவிட்டது. ஸ்கூட்டி போல மெல்லத் திருகினால் இது அசையாது. இந்த இயந்திரத்தின் பலமெல்லாம் உயரத்தில்தான். சுற்று காட்டும் மானியில் சிவப்புக் கோடு பதினெட்டாயிரத்துக்கும் அப்பால். மூன்றாம் தடவை கொஞ்சம் கூடவே திருகிக் கிளச்சை விட்டேன். போனது.

சகோதரிகளே, உண்மையைச் சொல்ல வேண்டும். நன்றாக இருந்தது. திருகத் திருகச் சத்தம் ஏறுகிறது, காற்று மார்பில் அறைகிறது, வளைவில் சற்றுச் சாய்ந்தால் மனம் நினைத்த இடத்துக்கு வண்டி போகிறது. முன்சில்லில் இரண்டு டிஸ்க் பிரேக். இரண்டு விரலால் தொட்டாலே பிடிக்கிறது. திரும்பி வந்தபோது மகன் கேட்டான்: "எப்படி உம்மா?" எனக்கு இறங்க மனமில்லை என்பதை அவன் முகத்தைப் பார்க்காமல்தான் மறைத்தேன். இளசுகள் ஏன் இதற்கு உருகுகிறார்கள் என்பது எனக்கு அன்று விளங்கிற்று. அது விளங்காமல் அவர்களுக்குப் புத்தி சொல்லப் போவது வீண்.

ஆறு கியரில் நாலு எதற்கு?

ஆனால் ஓட்டும்போதே இன்னொன்றும் விளங்கிற்று. நான் இரண்டாம் கியரைத் தாண்டவில்லை. அதற்குள்ளேயே மானி அறுபதைத் தொட்டுவிட்டது. இந்த வண்டிக்கு ஆறு கியர். மானியில் 180 வரை எழுதியிருக்கிறது. நம் நாட்டில் ஊருக்குள் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதித்த வேகம் 50, வெளியே 70. அதிவேகப் பாதைகளுக்குள் மோட்டார் சைக்கிள் நுழையவே முடியாது. அப்படியானால் மிச்சக் கியர்களை எங்கே போடுவது? கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் சந்தை, பாடசாலை, பள்ளிவாசல், ஆடு, மாடு, சைக்கிளில் வரும் முதியவர் எல்லாம் இறங்குகின்ற அதே பிரதான வீதியில்தான்.

கணக்கைப் பாருங்கள். 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 14 மீற்றர் போகும். 100இல் போனால் 28 மீற்றர். குறுக்கே ஒரு பிள்ளை ஓடி வந்ததைக் கண்டு கை பிரேக்குக்குப் போகவே ஏறத்தாழ ஒரு விநாடி. பிரேக் பிடித்த பிறகு நிற்கத் தேவையான தூரமோ, வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்காகும். எத்தனை டிஸ்க் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இலங்கையில் வீதி விபத்துகளில் ஒவ்வொரு வருடமும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தான் அதிகம். அந்த மையித்துகளில் பல நம் பிள்ளைகளின் வயதுடையவை.

பின்னால் இருப்பவள் சொல்லட்டும்

திரும்பி வரும்போது பிள்ளைகளின் வாப்பா சீபீஆரை எடுத்தார். நான் பின்னால். மகன் ஸ்கூட்டியில்.

அந்தப் பதினைந்து கிலோமீற்றர்தான் என் தீர்ப்பை எழுதியது. பின் இருக்கை ஒரு பலகைத் துண்டு மாதிரி. கால் வைக்கும் கட்டை உயரத்தில். முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது. பிடிக்க ஒரு கம்பி இல்லை. ஓட்டுபவர் முன்னுக்குக் குனிந்திருக்க, ஒவ்வொரு பிரேக்குக்கும் நான் அவர் முதுகில் மோதினேன். எல்லாவற்றையும் விட, பக்கத்தில் சுழலும் செயினும் சில்லும் திறந்தபடி. அபாயாவின் ஓரத்தை முழங்காலுக்குள் இடுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். இதைச் செய்தவர்களில் பிழை இல்லை. ஒருவர் வேகமாக ஓட்டி மகிழ என்றே செய்த வண்டி இது. குடும்பம் ஏற என்று செய்ததல்ல.

இந்தியாவில் மோட்டார் வாகன விதிகளே பின்னால் இருப்பவருக்குப் பிடிக்கக் கம்பியும், கால் வைக்க இடமும், பின்சில்லின் பாதியையாவது மறைக்கும் காப்பும் வேண்டும் என்கின்றன. சாரி சிக்கி நடந்த விபத்துகளை அறிந்த நாடு அது. அங்கிருந்து வரும் பைக்குகளில் அந்தக் காப்பு இருக்கும். நம் பிள்ளைகளில் சிலர் அழகில்லை என்று அதைக் கழற்றி வீட்டு மூலையில் போடுகிறார்கள். உங்கள் வீட்டு மூலையில் கிடந்தால் இன்றைக்கே பூட்டச் சொல்லுங்கள். சாரி, அபாயா, துப்பட்டி எதுவானாலும் சில்லுக்கு ஒன்றுதான்.

எங்களுக்குப் பின்னால் மகன் ஸ்கூட்டியில் வந்தான். நிந்தவூரில் நிறுத்தி மீனும் மரக்கறியும் வாங்கச் சொல்லியிருந்தேன். கால் வைக்கும் இடத்தில் மரக்கறிப் பை, கொளுவியில் மீன் பை. சீபீஆரில் ஒரு கறிவேப்பிலைக் கட்டு வைக்கவும் இடமில்லை.

செலவுக் கணக்கு

வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துக்கொண்டே மகனைக் கணக்குப் போடச் சொன்னேன். என் ஸ்கூட்டி ஒரு லீற்றருக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடும். சீபீஆர் இருபது, இருபத்தைந்து என்று மருமகனே சொன்னான். 2022இல் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர்தான் கிடைத்தது. அந்த நான்கு லீற்றரில் நான் ஒரு கிழமை பாடசாலைக்கும் போனேன், ஆஸ்பத்திரிக்கும் போனேன், மகளை வகுப்புக்கும் ஏற்றினேன். சீபீஆராக இருந்திருந்தால் கிழமையின் பாதியை வீட்டில்தான் கழித்திருக்கும். நான்கு சிலிண்டருக்கு நான்கு பிளக், அகலமான டயர், வயதான இயந்திரத்துக்குத் தேடி அலைய வேண்டிய உதிரிப்பாகம் எல்லாவற்றையும் அவன் கையாலேயே எழுதினான். எழுதி முடித்தபின் கடுதாசியை மடித்துப் பைக்குள் வைத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அவனே சொன்னான்: "காப்பு கிடக்கட்டும் உம்மா. நான் சேர்த்து ஒரு 125 எடுப்பன். தங்கச்சியும் ஏறலாம்."

சகோதரிகளே, மகனோ கணவனோ பைக் கேட்டால், வேண்டாம் என்றும் பாய வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு காப்பையும் கழற்ற வேண்டாம். பின் இருக்கையில் ஒரு பதினைந்து நிமிடம் இருந்து பாருங்கள். சில்லுக்குக் காப்பு உண்டா, பிடிக்கக் கம்பி உண்டா, இரண்டாவது தலைக்கவசத்துக்கும் காசு ஒதுக்கியாயிற்றா என்று கேளுங்கள். பழைய வண்டியானால் பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கத்தையும் இயந்திரத்திலும் சட்டகத்திலும் உள்ள இலக்கங்களையும் பக்கத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பணம் வீட்டுடையது என்றால், சோதிக்கும் உரிமையும் வீட்டுடையதுதான்.

மருமகனின் பைக்கை வேறொரு ஊர்க்காரர் வாங்கிக்கொண்டு போனார். அது கடைசியாக எங்கள் ஒழுங்கையால் சத்தமிட்டுப் போனபோது மகன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். நானும் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.