பசையில்லாமல் நிற்கும் கண்ணாடி

நியூஜெர்சி எடிசனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “1966 மஸ்டாங் ஒன்றை வாங்கிச் சீர்செய்து வருகிறேன். முன்கண்ணாடியை ரப்பர் காஸ்கெட்டில் செருகி, ஒரு கயிற்றை இழுத்தே மாட்டிவிடலாம் என்கிறார்கள். பசை இல்லாமல் நிற்குமா?”

நிற்கும். அறுபது வருடமாக நின்றுகொண்டிருக்கிறது. அவருடைய காரின் அடையாள எண்ணில் இரண்டாவது இடத்தில் ‘டி’ இருந்தால், அது எடிசனிலேயே, ஃபோர்டின் மெட்டச்சன் ஆலையில் பிறந்த கார். ‘ஆர்’ என்றால் கலிஃபோர்னியாவின் மில்பிடாஸ். பே ஏரியாத் தமிழர்கள் துணி எடுக்கப் போகும் கிரேட் மால், அந்தப் பழைய ஆலைக் கட்டடம்தான்.

காஸ்கெட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ‘எச்’ என்ற ஆங்கில எழுத்து போலிருக்கும். ஒரு பள்ளத்தில் கண்ணாடி, எதிர்ப் பள்ளத்தில் காரின் தகட்டு விளிம்பு. ஃப்ரீமாண்டில் நண்பர் வீட்டு கராஜில் இதை மாட்டும்போது உடனிருந்தேன். முதலில் கண்ணாடியைச் சுற்றி ரப்பரைப் போட்டார்கள். தகடு நுழைய வேண்டிய பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரு முனைகளையும் கீழ் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறவிட்டுக் காருக்குள் தொங்கவிட்டார்கள். சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியை வெளியிலிருந்து சட்டத்தில் சாய்த்தார்கள். உள்ளே உட்கார்ந்தவர் ஒரு முனையை மெல்ல இழுக்க இழுக்க, வெளியே நின்று அதே இடத்தில் உள்ளங்கையால் தட்டிக்கொடுப்பது என் வேலை. கயிறு வெளியேறும் இடத்தில் ரப்பரின் உதடு நிமிர்ந்து, தகட்டைத் தாண்டி, உள்பக்கம் மடிந்து உட்காரும். கைக்கே அது தெரிகிறது.

இதில் என்னை மயக்குவது எளிய கணக்கு. மூன்று, நான்கு மீட்டர் நீள உதட்டை ஒரே நேரத்தில் வளைக்க யாராலும் முடியாது; அழுத்தினால் கண்ணாடிதான் உடையும். கயிறு அந்த வேலையை விரல் அகலத் துண்டுகளாக்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கிறது. எந்த நொடியிலும் வளைவது ஒரு விரல் அகலம்தான்.

சரி, மாட்டியபின் எது பிடிக்கிறது? பஞ்சை அமுக்கினால் அதன் கன அளவு சுருங்கும். ரப்பர் அப்படியல்ல, ஓரிடத்தில் அமுக்கினால் இன்னோரிடத்தில் பிதுங்கும், ஏறக்குறைய தண்ணீரைப் போல. கண்ணாடியைவிடப் பள்ளம் சற்றுக் குறுகலாக இருப்பதால், பிதுங்கும் ரப்பர் மேடுபள்ளங்களில் எல்லாம் போய் நிரம்புகிறது. ஆனால் தண்ணீருக்கு இல்லாத ஒன்று ரப்பருக்கு உண்டு: பழைய வடிவத்துக்குத் திரும்பும் பிடிவாதம். சுருண்டு கிடக்கும் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஓயாமல் அசைந்து, மறுபடி சுருளப் பார்க்கின்றன. அந்த இழுப்புதான் பிடிப்பு.

நம் வீட்டு குக்கர் காஸ்கெட்டும் இந்த இனம்தான். இன்னும் சொன்னால், அதற்குத்தான் கடினமான வேலை. மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று கொடுக்கும் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ. கண்ணாடி சாய்ந்திருப்பதால் இன்னும் குறைவு. குக்கருக்குள் ஆவி தருவது அதைப்போல் இருநூறு மடங்கு. ஆனால் குக்கரில் ஆவியே ரப்பரை மூடியோடு அழுத்தி உதவுகிறது. காரில் அந்த உதவி இல்லை. ரப்பர் தன் பிடிவாதத்தை மட்டும் நம்ப வேண்டும். அது இறுகிப்போனால் இரண்டு இடத்திலும் கதை ஒன்றே: சோற்றுக்கஞ்சி வழியும், மழை ஒழுகும்.

இறுகுவது மட்டுமல்ல, ரப்பர் வெடிக்கவும் செய்யும்; அதில் ஓசோனுக்குப் பெரிய பங்கு. இயற்கை ரப்பர் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளை அது அறுக்கிறது, அதுவும் ரப்பர் இழுபட்டு நிற்கும் இடங்களில். 1950-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்தை ஆராய்ந்த ஹாகன்-ஸ்மிட், வளைத்து வைத்த ரப்பரில் விழும் விரிசலைக் கொண்டே ஓசோனை அளந்தார். இப்போது கிடைக்கும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரின் முதுகெலும்புச் சங்கிலியில் அந்த இரட்டைப் பிணைப்பு இல்லை. வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

வரலாறு வேண்டுவோருக்கு: குட்இயர் கந்தகம் சேர்த்துக் காய்ச்சிய ரப்பருக்குக் காப்புரிமை பெற்றது 1844. மோதலில் கண்ணாடி கழன்றுவிடக் கூடாது என்ற அமெரிக்க விதி 1970-இல் வந்தது. பிறகு மெல்ல மெல்லப் பசை காஸ்கெட்டின் இடத்தைப் பிடித்தது.

“பழைய ரப்பருக்கு உயிர் கொடுக்கும்” என்று விற்கும் எண்ணெய்களை நம்ப வேண்டாம். அறுந்த சங்கிலியை எந்தத் தைலமும் ஒட்டாது. ஈபிடிஎம் பெட்ரோலிய எண்ணெயை உறிஞ்சி ஊதிவிடும். வாசலின், கிரீஸ் எதுவும் அருகில் வரக் கூடாது. சோப்புத் தண்ணீரின் அருமை இங்கேதான்: மாட்டும் வரை வழுக்கும், பிறகு காய்ந்து ரப்பரின் உராய்வைத் திருப்பிக் கொடுத்துவிடும். தகடு நெளிந்திருந்தால், இறுகாத வகை சீலன்டைக் கொஞ்சம் இடலாம். அது இடைவெளியை நிரப்பத்தான், கண்ணாடியைப் பிடிக்க அல்ல.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். கால்மிதியில் தண்ணீர் நின்றதால்தான் இந்த வேலையில் இறங்கினீர்கள் என்றால், காஸ்கெட் வாங்குமுன் ஒருவரைக் காருக்குள் டார்ச்சோடு உட்கார வையுங்கள். ஹோஸ் தண்ணீரை முதலில் வைப்பருக்குக் கீழே உள்ள காற்றுத் துளைகளில் விடுங்கள். கண்ணாடி நனைய வேண்டாம். பழைய கார்களில் அந்தத் தகட்டுப் பெட்டி துருப்பிடித்து ஓட்டையாகியிருப்பது சகஜம். அங்கே ஒழுகினால் தேவை வெல்டிங்.