சோர்ஸில் இருந்து சர்வர் கட்டுவது: ஒரு வரியில் முடிகிற வேலைக்கு ஏன் மூன்று வரி?

திருச்சுழியில இருந்து ஒரு தம்பி குரல் செய்தி அனுப்பியிருந்தார். அருப்புக்கோட்டையில ஒரு நூல் கடைக்குக் கணினி வேலை பார்க்கிறாராம். நெசவாளர்களுக்குக் கொடுத்த பாவு, திரும்பி வந்த சேலை, கூலி பாக்கி எல்லாம் கடையில ஒரு கணினியில இருக்கு. தறிக்காரங்க அவங்கவங்க கணக்கை போன்லயே பார்க்கிற மாதிரி, அதுக்கு முன்னால என்ஜின்எக்ஸ் சர்வர் வைக்கணும். "அண்ணே, ஆப்ட் இன்ஸ்டால்னு ஒரு வரி அடிச்சா வந்துருது. அப்புறம் எதுக்கு சோர்ஸை இறக்கி கம்பைல் பண்ணச் சொல்றாங்க?" இதுதான் கேள்வி.

பதிலை முதல்லயே சொல்லிடுறேன். அந்தக் கடைக்கு ஆப்ட் போதும். ஆனா வீட்டுக் கணினியில ஒரு தடவையாவது சோர்ஸில் இருந்து கட்டிப் பாருங்க. ஏன்னா ஆப்ட் கொடுக்கிற பொதியும் யாரோ கம்பைல் பண்ணினதுதான். எந்த வசதி உள்ளே, எது வெளியே என்பதை டெபியன்காரங்க நமக்காக முடிவு பண்ணியிருக்காங்க. சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் டெபியன் மேல கட்டினதுதான்.

என்ஜின்எக்ஸ், இகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட மென்பொருள். மூல நிரல் மூட்டை ஏறக்குறைய ஒரு எம்பிதான், போன் டேட்டாவிலேயே இறங்கிடும். பிரிச்சதும் மூணு கட்டளை: கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். இதுல மேக் 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினது. எந்தக் கோப்பு மாறியிருக்கோ அதை மட்டும் திரும்பக் கம்பைல் பண்ணும். அது பாட்டுக்கு ஓடும், விட்டுடலாம்.

யோசிக்க வேண்டிய இடம் கான்ஃபிகர். கம்பைலர் இருக்கா, தேவையான நூலகங்கள் இருக்கான்னு அது ஒவ்வொண்ணா சோதிக்கும். புதுசா நிறுவின உபுண்டுவில் பெரும்பாலும் பிசிஆர்ஈ இல்லைன்னு நின்னுடும். "அது ஏற்கெனவே சிஸ்டத்துல இருக்கே?"ன்னு பலரும் இங்கேதான் முழிப்பாங்க. இருக்கிறது ஓடுறதுக்கான நூலகம். கம்பைல் பண்ண ஹெட்டர் கோப்புகள் வேணும், அது 'டெவ்'னு முடியுற தனிப் பொதியில இருக்கும். பிசிஆர்ஈ, இசட்லிப், ஓப்பன்எஸ்எஸ்எல் மூணுக்கும் டெவ் பொதியைப் போட்டுட்டா வழி திறந்துடும்.

இன்னொண்ணு, எச்டிடிபிஎஸ் வசதி தானா வராது. எஸ்எஸ்எல் மாட்யூல் வேணும்னு கான்ஃபிகர் வரியில நாமதான் எழுதணும். எழுதலைன்னா எந்தப் பிழையும் காட்டாது, சர்வர் அழகா கட்டி முடிஞ்சுடும். அப்புறம் சான்றிதழ் போடப் போகும்போதுதான் தெரியும். கூலிக் கணக்கு பூட்டில்லாம போன்ல போகக் கூடாது இல்லையா.

இப்ப முக்கியமான விஷயம். ஓப்பன்எஸ்எஸ்எல்லை ரெண்டு விதமா சேர்க்கலாம். சிஸ்டத்துல இருக்கிற நூலகத்தைப் பயன்படுத்துன்னு விடலாம். இல்லைன்னா ஓப்பன்எஸ்எஸ்எல் மூல நிரல் இருக்கிற இடத்தைக் கான்ஃபிகர்ல காட்டலாம். அப்ப அது என்ஜின்எக்ஸுக்குள்ளேயே ஒட்டிக்கும். ரெண்டும் ஒரே மாதிரிதான் ஓடும். வித்தியாசம் ஓட்டை கண்டுபிடிக்கிற அன்னைக்குத் தெரியும்.

2014 ஏப்ரலில் ஹார்ட்ப்ளீட் வந்துச்சு. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 வரிசையில் இருந்த ஓட்டை. ஒரு கோரிக்கைக்கு 64 கேபி வரை சர்வரோட நினைவகத்தை வெளியில இருந்து யாரும் உருவலாம். சிஸ்டம் நூலகத்தை நம்பினவங்க ஆப்ட்ல புதுப்பிச்சு, சர்வரை மறுபடி தொடங்கி ஓட்டையை அடைச்சாங்க. உள்ளே ஒட்டிக் கட்டினவங்களுக்கு ஆப்ட் எத்தனை தடவை ஓடினாலும் பிரயோஜனமில்லை, திரும்பக் கட்டணும். சொந்தக் கிணறு வெட்டினா தூர் வாருறதும் நாமதான். அதே சமயம், புதுப் பதிப்புக்கு உடனே மாற முடியாதவங்க ஹார்ட்பீட் வசதியை நீக்கிக் கம்பைல் பண்ணிக்கலாம்னு ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவே அறிவிச்சது. கட்டத் தெரிஞ்சவங்களுக்கு அப்படி ஒரு வழியும் இருந்தது.

அப்புறம் 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம். 5.6.0, 5.6.1 பதிப்புகளோட வெளியீட்டு மூட்டையில், பொதுவில் இருந்த கிட் களஞ்சியத்தில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்திருந்தாங்க. அந்த வரி, சோதனைக் கோப்புகளில் ஒளிச்சு வைச்சிருந்த நிரலைக் கான்ஃபிகர் ஓடும்போது வெளியில எடுத்தது. போஸ்ட்கிரஸ் உருவாக்குநர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட், எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாகுதேன்னு நோண்டிப் பார்த்துதான் கண்டுபிடிச்சார். மூட்டைக்குக் கையொப்பம் சரியாத்தான் இருந்துச்சு. கையொப்பம், கட்டினது யார்னு சொல்லும். உள்ளே என்ன இருக்குன்னு சொல்லாது.

அதனால கான்ஃபிகரையும் மேக்கையும் ரூட்ல ஓட்டாதீங்க. சாதாரணப் பயனர் போதும், கடைசி இன்ஸ்டாலுக்கு மட்டும் சூடோ. இது எக்ஸ்இசட் மாதிரி ஒண்ணைத் தடுக்காது, ஆனா சேதம் குறையும்.

தம்பிக்கு இன்னொரு வேலை சொல்றேன். ஆப்ட்ல போட்ட என்ஜின்எக்ஸிலேயே, அதோட பெயருக்குப் பின்னால மைனஸ் அடிச்சு பெரிய வி போடுங்க. அதைக் கட்டினவங்க கொடுத்த கான்ஃபிகர் வரி முழுசும் திரையில வரும். எந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லோட கட்டினாங்கன்னும் இருக்கும். அந்த வரியை எடுத்து, கடைக்கு வேண்டாததை நீக்கி, வீட்டுக் கணினியில கட்டிப் பாருங்க. எங்கே நின்னதுன்னு அடுத்த குரல் செய்தியில சொல்லுங்க.