சோதனையா, ஒப்பாய்வா? மருத்துவ ஆய்வின் அடிப்படைகளும் தமிழ்ச் சொற்களும்

மருத்துவமனையில் ‘பரிசோதனை’ என்றதும் நம்மவர் இரத்தம் எடுப்பதையோ ஊடுகதிர்ப் படம் பிடிப்பதையோ நினைக்கின்றனர். ‘சோதனை’ என்றாலோ இறைவன் தரும் துன்பமும் நினைவுக்கு வரும். புதிய மருந்தொன்றின் பயனையும் தீங்கையும் மனிதரிடம் அறியும் ஆய்வையும் இச்சொற்களாலேயே குறிக்கிறோம். இதனால், ஆய்வுப் படிவத்தில் கையொப்பமிடும் நோயாளி தமக்கு வழக்கமான சிகிச்சையே நடைபெறுகிறது என்று எண்ணிவிடக்கூடும். ஆகவே, இவ்வாய்வின் அடிப்படைகளைச் சொற்களோடு சேர்த்தே நாம் கற்றல் வேண்டும்.

முதலாவது, ஒப்பீடு. மருந்துண்டவர் நலமடைந்தார் என்பதனாலேயே மருந்து நலம் தந்ததாகாது. தாமே தணியும் நோய்களும் உள. எனவே, ஒத்த நிலையிலுள்ள மற்றொரு குழு வேண்டும். சென்னையில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு நிலையத்தின் பணி இதற்குச் சிறந்த சான்று. காசநோயாளரை மருத்துவமனையில் நெடுநாள் தங்கவைத்தே குணப்படுத்த இயலும் என்பது அக்காலத்து நம்பிக்கை. வீட்டிலிருந்தபடியே ஓராண்டு மருந்துண்டால் போதாதா என்று அந்நிலையம் வினவியது.

இரண்டாவது, சமவாய்ப்புப் பகுப்பு. யாரை எங்கு வைப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்திருந்தால், நோய் முற்றியவரை மருத்துவமனைக்கே அனுப்பியிருப்பார், ஒப்பீடு கெட்டிருக்கும். ஆதலின் நோயாளர் வாய்ப்பின்வழிப் பகுக்கப்பட்டனர். இதனைத் ‘தாறுமாறாகப் பிரித்தல்’ என்பது பிழை. இது விருப்பு வெறுப்பை விலக்கும் ஒழுங்கு. உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையில் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தமையும் இந்நோக்கம் பற்றியதே. 1959-இல் வெளியான முடிவு, வீட்டுச் சிகிச்சை மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஏறத்தாழ இணையானது எனக் காட்டியது. மருத்துவமனைப் படுக்கை கிடைக்காத ஏழைகளுக்கு அது வாழ்வளித்த முடிவு.

மூன்றாவது, மறைப்பு. எந்த மருந்து தரப்படுகிறது என்பதை நோயாளியும் மருத்துவரும் அறியாதிருப்பின், எதிர்பார்ப்பு முடிவைத் திரிக்காது. இதனை ‘இரட்டைக் குருட்டு ஆய்வு’ என்று பெயர்ப்போர் உளர். ‘இருபுற மறைப்பு’ என்பதே பொருந்தும். எல்லா ஆய்விலும் மறைப்பு இயலாது. வீட்டிலிருப்பவர் தாம் வீட்டிலிருப்பதை அறியாதிருப்பாரா? ஒப்பீட்டுக்காகத் தரப்படும் மருந்தில்லா மாத்திரையைப் ‘போலி மருந்து’ என்றால் கள்ள மருந்து என்று பொருள்படும். ‘வெற்று மாத்திரை’ எனின் ஐயமில்லை.

நான்காவது, ஒப்புதல். நடைபெறுவது ஆய்வு என்பதும், தமக்குப் புதிய மருந்து கிடைக்காமலும் போகலாம் என்பதும், எப்போது விலகினாலும் உரிய சிகிச்சை தொடரும் என்பதும் நோயாளிக்குத் தெளிவாதல் வேண்டும். இக்காரணம் பற்றியே ‘மருத்துவ ஒப்பாய்வு’ என்னும் சொல்லை நாம் பரிந்துரைக்கிறோம்.

இத்தகைய படிவங்களைத் தமிழாக்கும் பணி நாளை நம் மாணவரிடம் வரும். அப்போது அகராதியோடு அமையாமல், முதியவர் ஒருவரிடம் படித்துக் காட்டுக. அவர் தம் சொற்களில் அதனைத் திருப்பிச் சொன்னால் மொழிபெயர்ப்பு நிறைவுற்றது. தயங்கினால், திருத்த வேண்டியது நம் தமிழையே.