விளம்பரக் கணக்கும் வீதிக் கணக்கும்

2022இல் கியூ.ஆர். முறைப்படி காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல்தான். உம்மம்மாவின் கிளினிக் பயணத்தை விளம்பரக் கணக்கை நம்பித் திட்டமிட்டோம். பெற்றோல் முன்னரே தீர்ந்துவிட்டது. “இயந்திரத்தில் கோளாறு” என்றார் வாப்பா. கோளாறு அங்கில்லை.

எமது கார் ஜப்பானில் ஜே.சி.08 முறையில் சோதிக்கப்பட்டது. ஆய்வுகூடத்தில், சுழலும் உருளைகளின் மேல், சுமார் 20 நிமிடம், மணிக்குச் சராசரி 24 கிலோமீற்றர் வேகம், குளிரூட்டியும் இயங்காது. அது பொய்யல்ல, கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட உதவும் சோதனை.

வற்றாப்பளை வீதியிலோ நந்திக்கடலின் எதிர்காற்று, வெயிலுக்குக் குளிரூட்டி, வைகாசிப் பொங்கல் நெரிசல். ஒவ்வொன்றும் பெற்றோலைக் குடிக்கும்.

தாங்கியை நிரப்பி ஓடுங்கள். மீண்டும் நிரப்பும்போது, ஓடிய கிலோமீற்றரை ஏறிய லீற்றரால் வகுங்கள். பயணத்துக்கு அந்த விடையையே நம்புங்கள்.